இரண்டு கிலோ ஐஸ்

கொட்பேயில் பாரைக்குப் போட்ட ஐஸில்
இரண்டு கிலோ வாங்கினேன்.
"மீன் எங்க?" என்றான் ஐஸ் உடைக்கிறவன்.
திருமலை வெயில்; வீடு சேருமுன்
பாதி தண்ணீர்.

கரண்டைப் பிடுங்கியதும்
மெமரி உடனே சாவதில்லை.
குளிர்ந்தால் இன்னும் கொஞ்சம் தாங்கும்.
கழற்றி, வேறு பலகையில் செருகி வாசித்தேன்:
கடவுச்சொல், பாதி விலைப்பட்டியல்,
சிஹானாவுக்கு எழுதி
அனுப்பாமல் அழித்த வரி,
ஓர் எழுத்தும் குலையாமல்.

பிறகு மூன்று கிழமை கேர்னலோடு மல்லுக்கட்டு.
பக்க அட்டவணையில் அந்த நாற்பத்தேழாவது பிட்டை
எங்கே ஏற்றுவது, எங்கே இறக்குவது.
நெட்வேர்க் கார்டுக்குத் திறந்து வைக்கவேண்டிய பக்கத்தையும்
ஓரிரவு பூட்டிவிட்டேன்;
குப்பையைத் தின்று வாயடைத்துக் கிடந்தது அது.

நேற்று திரும்பவும் ஐஸ்.
அதே வரியைத் தட்டினேன், அழித்தேன்.
சோதனைக்குத்தான்.

வாசித்தால் டச்பே மணல்,
எங்கு அள்ளினாலும் ஒன்றுபோல்.
ப்ரொசெசருக்குள் பிறந்த சாவி
வெளியே முகம் காட்டாமலே
கரண்டோடு போய்விட்டது.
வேலை செய்கிறது.

விடியும்வரை அந்த மணலில்
'சி' தொடங்கும் இடத்தைத் தேடினேன்.
மேசையெல்லாம்
பாரைமீன் மணம்.