வெள்ளம்

இ-சேவை மையத்தில் மூன்று முறை விரலை வைத்தேன்.
ரேகை விழவில்லை.
'கைய நல்லா தொடச்சிட்டு வையுங்க அக்கா.'
பதினோரு வருசம் அண்டியாபீசில் தோடு உடைத்த கை.
அண்டி எண்ணெய் தின்றது போக
துடைக்க என்ன இருக்கு தம்பி?
பிறகு கண்ணைக் காட்டச் சொன்னான்.
கண்ணில் நான் இன்னும் மிச்சம் இருந்தேன்போல,
பெட்டி பச்சை காட்டியது.

ரேஷன் அட்டை, வருமானச் சான்று,
பிள்ளை நேரே பார்க்கும் படம் நான்கு.
ஜெனிஷ் யாரையும் நேரே பார்ப்பதில்லை.
கருங்கல் ஸ்டுடியோக்காரர்
கேமராவுக்குப் பின்னால் ஒரு மேசைவிசிறியைச் சுழலவிட்டார்.
படத்தில் அவன் சிரிப்பது அதற்காக.

நாகர்கோவிலில் பேச்சுப் பயிற்சி,
ஒரு மணிக்கூருக்கு என் ஒன்றரை நாள் கூலி.
பஸ் காசு தனி.
அவருக்கு நெய்யாற்றின்கரையில் கொத்தவேலை,
சனிக்கிழமை வருவார்.
சீட்டுக்காரி வெள்ளிக்கிழமையே வந்துவிடுவாள்.

ரோஸ்லெட் சொன்னாள்:
'போர்டுக்குப் போற அன்னைக்கு தின்னக் குடுக்காத.
ராத்திரி உறங்க விடாத.
எவ்வளவு அழுவானோ அவ்வளவு சதவீதம்.'
நான் விடியற்காலையில் புட்டும் பழமும் பிசைந்து ஊட்டினேன்.
வயிறு நிறைந்தால் அவன் நல்ல பிள்ளை.
அது எனக்குத் தெரியும்.

ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரி வராந்தாவில்
கடியப்பட்டணத்துப் பெண் ஒருத்தி.
அவள் மகன் சுவரில் தலையை முட்டிக்கொண்டிருந்தான்.
அவள் தடுக்கவில்லை.
நான் பார்த்தேன்.
நான் பார்ப்பதை அவளும் பார்த்தாள்.

டாக்டர் சின்ன வயசு, மதுரைப் பக்கம்.
பேர் கேட்டார். கட்டையை அடுக்கச் சொன்னார்.
பூனைப் படத்தைக் காட்டி இது என்ன என்றார்.
இவன் ஏசியின் இரைச்சலைக் கேட்டுக்கொண்டு
புண்ணியவான்போல் உட்கார்ந்திருந்தான்.
பிறகு மேசையில் இருந்த பாட்டிலைப் பார்த்தான்.
'வெள்ளம்.'

ஏழு வருசம், நாலு மாசம்.

'என்ன சொல்றான்? மழை வெள்ளமா?
டிவியில செய்தி பாப்பானோ?'
டாக்டரின் பேனா தாளுக்கு மேலே நின்றது.
அர்த்தமில்லாத சொல் என்று எழுதப்போகிறது.
நான் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும்.
மாதம் எட்டு நாள் கூலி
தோடு உடைக்காமல் வீட்டுக்கு வரும்.
சீட்டுக்காரி வாசலில் நிற்கமாட்டாள்.
பேனா கீழே இறங்கியது.

'எங்க ஊர்ல குடிக்கிற தண்ணிக்கு
வெள்ளம்னுதான் சொல்லுவோம் சார்.
அவன் கேட்டான்.
ஒங்ககிட்ட கேட்டான்.'

டாக்டர் பாட்டிலைத் திறந்து கொடுத்தார்.
பாதியைக் குடித்தான்.
மீதியைத் தாள்கள்மேல் கவிழ்த்தான்.
யாரும் வையவில்லை.

அட்டை வந்தது.
உதவித்தொகைக் கோட்டுக்கு இரண்டு சதவீதம் கீழே.
'சும்மா இருந்திருக்கலாம்லா' என்றாள் ரோஸ்லெட்,
பருப்பைத் தரம் பிரித்துக்கொண்டே.
முழுசுக்கு ஒரு விலை, பாதிக்கு ஒரு விலை,
நொறுங்கலுக்கு மட்டமான விலை.
ஆஸ்பத்திரியில் இந்தக் கணக்கு தலைகீழ்.
அவளிடம் அதைச் சொல்லவில்லை.
எடை போட மேஸ்திரி வந்துவிட்டார்.

மேல்முறையீட்டு மனுவை வக்கீல் குமாஸ்தா எழுதினார்.
'என் மகன் ஒரே ஒரு முறை
ஒரே ஒரு சொல் சொன்னான்.
அதைப் பேச்சு என்று கொள்ள இயலாது.'
சரிதானே அம்மா என்று வாசித்துக் காட்டினார்.
சரிதான்.
கையெழுத்துப் போட்டேன்.

ராத்திரி டம்ளரை அலமாரிமேல் வைக்கிறேன்,
அவன் கண்ணுக்குத் தெரிகிற,
கைக்கு எட்டாத உயரத்தில்.
அவன் வந்து என் கையைப் பிடித்து
டம்ளருக்கு நேரே தள்ளுகிறான்.
என் வழுக்கை விரல்கள் அவனுக்குக் கொக்கி.
அசையாமல் நிற்கிறேன்.
இன்னும் ஒரு தள்ளு.

சொல்லு மக்களே.
இங்க யாரும் எழுதல்ல.