பொக்கு

முட்டிக்குக் கீழே ரப்பர் சுத்தி விழுந்தது.
கால் தானாக உதைத்தது.
சரி என்று எழுதிக்கொண்டாள்.
என் பையிலும் ஒரு ரப்பர் சுத்தி உண்டு,
இதைவிடக் கறுப்பு, இதைவிடக் கனம்.
பதினாறு வருஷமாய் அதை வைத்துத்
தரையில் ஒட்டிய ஒவ்வொரு டைல்ஸையும் கேட்கிறேன்:
அடியில் நிறைந்திருக்கிறாயா?

ஜெயநகர் பக்கம் அரசு ஆஸ்பத்திரி,
மாடியில் கடைசி அறை.
சட்டையில் குத்திய பெயர் போஜம்மா. குடகுப் பெண்.
'காலு எத்தி' என்று சொல்லிவிட்டு
அவளே தூக்கினாள், படுத்த வாக்கில்,
முட்டி மடங்காமல்
முப்பது, ஐம்பது, எழுபது.
'நோவு இதெயா?'
நோவுக்கு இரண்டு பாஷையிலும் ஒரே சொல்.
தொடை பின்னால் கொஞ்சம் இழுத்தது, அவ்வளவுதான்.
'அப்ப முதுகு இல்ல.'
மேஸ்திரி சொன்னது டிஸ்க்.
அஞ்சுகம் சொன்னது எவனோ வைத்த கண்.
மெடிக்கல் ஷாப்காரன் சொன்னது
அறுபது ரூபாய் மாத்திரை.

பிறகு பஞ்சு.
கண்ணை மூடிக்கொண்டு, தொடும்போதெல்லாம் ஆம் சொல்ல வேண்டும்.
ஆம். ஆம். ஆம்.
அப்புறம் வெகுநேரம் அவள் சும்மா இருப்பதாக நினைத்தேன்.
கண்ணைத் திறந்தால்
பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே
பஞ்சு நின்றுகொண்டிருக்கிறது.

செருப்பு வார் நிற்கும் இடம் அது.
போன வாரம் மெஜஸ்டிக்கில் பஸ் ஏறி
டிக்கெட் வாங்கி, உட்கார்ந்து, குனிந்தபோதுதான்
ஒரு கால் வெறுங்காலாக வந்திருப்பது தெரிந்தது.

'ஈக நடீரி.'
ஊருக்கு வந்த புதிதில் அந்தச் சொல்
நடிக்கச் சொல்வதாய்க் காதில் விழும்.
இன்று நிஜமாகவே நடிக்கத்தான் பார்த்தேன்.
முன்பாதத்தில் நட என்றாள், நடந்தேன்.
குதிகாலில் நட, விரல் மேலே பார்க்கட்டும் என்றாள்.
இடது பார்த்தது.
வலது
ஈரச் சாக்குப் போலக் கணுக்காலில் தொங்கியது.
இடுப்பைத் தூக்கினேன், தோளைச் சாய்த்தேன்.
அவள் முகத்தைப் பார்க்க முடியாமல்
தரையைப் பார்த்தேன்.
கதவோரம் இரண்டு கல் அரை நூல் ஏறியிருந்தது.

முட்டிக்கு வெளிப்புறம்
எலும்பு குமிழாய்த் துருத்தும் இடத்தை
விரல் நுனியால் தட்டினாள்.
மின்சாரம் புறங்காலுக்கு ஓடி எரிந்தது.
'இல்லே' என்றாள்.
அவள் பாஷையில் அதற்கு அர்த்தம்
இங்கேதான்.

நரம்பு அந்த எலும்பைச் சுற்றிப் போகிறதாம்,
தோலுக்கு அடியிலேயே, மெத்தை இல்லாமல்.
குந்தினால் நசுங்குமாம்.
தினம் எவ்வளவு நேரம் குந்துவீர்கள்?
சர்ஜாபூர் ரோட்டில் பதினெட்டு மாடி.
மாடிக்கு நாலு வீடு,
வீட்டுக்கு ஆயிரத்து இருநூறு சதுர அடி.
எனக்கு நேரக்கணக்கு தெரியாது,
சதுர அடியில் சொன்னேன்.
பேனாவைப் பிடித்தபடி இருந்தாள், எழுதவில்லை.

குந்தாதீர்கள் என்றாள் கடைசியில்.
நின்றுகொண்டே தரைக்குக் கல் ஒட்டுகிறவனை
நான் இன்னும் பார்த்ததில்லை.

காலுக்கு ஒரு பட்டை, ஆறு வாரம், மறுபடி வரச் சீட்டு.
சேற்றில் நடப்பவன்போல
முட்டியை உயரத் தூக்கி வாசலுக்குப் போனேன்.
டப்.
டப்.
மூன்றாவது டப் வேறு மாதிரி விழுந்தது.
நின்றேன். அதே கல்லில்
காலை இன்னொரு தரம் விழவிட்டேன்.
'ஏனாய்த்து, நோவா?'
கால் இல்லை மேடம். கல்.
அடியில் சாந்து போகவில்லை, பொக்கு.
எங்கே என்று எழுந்து வந்தாள்.
குனிய முடியாமல், உணர்வில்லாத விரலால் காட்டினேன்:
இல்லே.