எட்டாம் எண் பின்னால் பார்க்கிறான்

போன வருடம் பந்து காலுக்கு வருமுன்
இரண்டு தடவை தோளுக்குப் பின்னால் பார்த்தான் கபிலேசன்.
இந்த வருடம் ஒரே தடவை.
இதுதான் வழக்கு.

டத்தோ கிராமாட் சாலை அரங்கில்
எங்கள் வரிசைக்கு நாற்காலி கிடையாது, சிமெண்டுப் படி.
மழை விட்டிருந்தால் நாளிதழ் விரித்து உட்காருவோம்.
இடப்பக்கம் தேவசகாயம்,
பட்டர்வொர்த் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர்.
வலப்பக்கம் ஆ கியாட், ஆணிக்கடை.
பதினோரு வருடம் ஒரே கச்சாங் பூத்தே பொட்டலத்தில்
மூன்று கை.
இப்போது இரண்டு பொட்டலம்.
நடுவில் நான்.

"ஒரு தடவை பார்த்தாலே படம் பதிஞ்சிடுது அவனுக்கு.
இதுக்குப் பேர்தான் வளர்ச்சி."
தேவசகாயம் அப்படித்தான் சொல்வார்.
முப்பது டன் பெட்டியைத் தூக்குமுன்
காற்றை ஒருமுறைதான் பார்க்கிற ஆள்.

"சோம்பேறி லா," என்பார் ஆ கியாட்,
கடைக்கு வருகிறவர்களிடம் கற்ற தமிழில்.
"பையன் சின்னது, போஸ்டர் பெரிசு.
கடன்காரன் பின்னால வர்றான், இவன் திரும்பல."

பத்தொன்பது வயது. நிபோங் திபால் பையன்.
அவன் அம்மா எந்தப் படியில் உட்கார்ந்து
இதையெல்லாம் கேட்கிறாளோ
என்று ஒவ்வோர் ஆட்டத்திலும் தேடுவேன்.

என்னை யாரும் கேட்கவில்லை.
பாயான் லெப்பாஸில் பதினாறு வருடமாக
நுண்ணோக்கிக்குக் கீழே சில்லு பார்க்கிறவள்.
மயிரிழை விரிசல்: உண்டு, இல்லை.
இரண்டே தட்டு.
மூன்றாவது தட்டு ஒன்று கேட்டேன் ஒருமுறை,
'இன்னும் தெரியவில்லை' என்பதைப் போட.
சூப்பர்வைசர் சிரித்துவிட்டுப் போனார்.

பேராக் அணி வந்த இரவு,
எழுபத்து மூன்றாம் நிமிடம்.
ஒரு தடவை பார்த்தான். உடம்பைத் திருப்பினான். விட்டான்.
ஈரப் புல்லைக் கீறிக்கொண்டு நாற்பது மீட்டர்;
போக வேண்டிய இடத்துக்குப் போனது பந்து.
வர வேண்டியவன் வரவில்லை.
அது தன்பாட்டுக்கு உருண்டு, கொடியைத் தாண்டி,
சிமெண்டு விளம்பரப் பலகையில் முட்டி நின்றது.

இடக்காதில் கைதட்டல்.
வலக்காதில் ஊளை.
ஒரே பந்துக்கு.

எங்கள் பக்கம் பார்த்துக் கையை உயர்த்தினான்.
மன்னிப்பு என்றார் ஒருவர்.
திமிர் என்றார் மற்றவர்.
அந்தக் கையையும் ஆளுக்குப் பாதி
எடுத்துக்கொண்டார்கள்.
ஒன்றுக்குச் சுழியம், தோற்றோம்.

பதினொன்றரைக்கு நாசி கண்டார் வரிசை
ஐந்தடி நடைபாதை தாண்டிச் சாக்கடை ஓரம் வரை.
பசிக்கு மட்டும் கட்சி இல்லை, சேர்ந்துதான் நின்றோம்.
"ரெண்டு வருஷம் குடு அவனுக்கு."
"ரெண்டு மேட்ச்."
"நீ ஆணியை அடிக்கிறவன், உனக்கென்ன தெரியும்?"
"வளைஞ்ச ஆணி எனக்குத் தெரியும்."

எங்களுக்கு முன்னால் மூன்றாவது ஆள்.
ரப்பர் செருப்பு, கணுக்காலில் வெள்ளைக் கட்டு,
எண் இல்லாத சட்டை.
எண் இல்லாவிட்டால் முதுகு
இவ்வளவுதானா என்றிருந்தது.
"குவா பஞ்சிர், பூங்குஸ்," என்றது மெல்லிய குரல்.

ஆ கியாட் சத்தமாகச் சொன்னார்,
"பின்னால பார்க்கத் தெரியாத பையன்."

தோளுக்கு மேல் ஒரு முகம் திரும்பியது.
இவர்கள் கவனிக்கவில்லை;
தேவசகாயம் விரலால் காற்றில்
அந்தப் பந்தின் பாதையை வரைந்துகொண்டிருந்தார்.
முகம் முன்னால் போனது.
மறுபடி திரும்பியது, இந்த முறை
என் கண்ணில் வந்து நின்றது.

இரண்டு.

பொட்டலத்தை மோட்டார் சைக்கிள் கொக்கியில் மாட்டினான்.
வண்டிக்கு ஒரு பக்கம்தான் கண்ணாடி.
சாலையைப் பார்க்காமலே ஏறிப் போனானா,
பார்த்துவிட்டுப் போனானா,
லாரி ஒன்று குறுக்கே வந்து மறைத்துவிட்டது.

"நீ என்ன சொல்ற வெண்மதி?"
இரண்டு பேரும் ஒரே சமயத்தில்,
பதினோரு வருடத்தில் முதல்முறையாக.

எனக்கு வெண்டைக்காய், என்றேன்
கடைக்காரரிடம்.