நீலம் வேண்டாம்

லேமிங்டன் ரோடு, மூன்றாவது மாடி.
லிஃப்டில் டிவிப் பெட்டிகளுக்கு மட்டும் இடம்;
குடை சொட்டச் சொட்டப் படியேறினேன்.
ஹர்ஷத் பாய் ஒரு சின்னப் பலகையைத் தள்ளி வைத்தார்:
ஒன்பது கட்டைகள், ஒன்றிலும் எழுத்தில்லை.
"அழுத்திப் பாருங்க, காசு கேக்காது."

சிவப்பு வழுக்கிக்கொண்டு போனது,
எதைக் கேட்டாலும் சரி சரி என்கிற ஆளைப் போல.
கறுப்பு விறைத்துக்கொண்டது.
பழுப்பில் பாதி வழியில் ஒரு மேடு,
சொல்ல வந்ததை
ஒருமுறை விழுங்கிவிட்டுச் சொல்வது மாதிரி.
நீலம்தான் நீலம்.
டிக். டிக்டிக்.
மெஷின் வந்த பிறகும் பழக்கத்தை விடாமல்
கம்பியில் இடுக்கியைத் தட்டிக்கொண்டு வரும்
பெஸ்ட் பஸ் கண்டக்டர் சத்தம்.
எட்டு முறை அழுத்தினேன்.
ஒன்பதாவதற்கு வெட்கமாகிவிட்டது.

என் பிழைப்பே சத்தம்தான்.
காது கேளாதவர்களுக்காகப்
படத்தின் அடியில் எழுத்துப் போடுகிறேன்.
(கதவு அறைந்து சாத்தப்படுகிறது.)
(தூரத்தில் நாய்.)
(அவன் ஏதோ முணுமுணுக்கிறான்.)
நிமிடத்துக்கு அறுபது ரூபாய், மௌனம் உட்பட.

பழைய கீபோர்டில் ழ செத்துப்போயிருந்தது.
வலது ஓரம், சுண்டுவிரல் எட்டித் தொடும் மூலை.
மூன்று வாரமாக என் படங்களில்
மழையே பெய்யவில்லை, தூறல்தான்.
யாரும் அழவில்லை, விசும்பினார்கள்.
"பாலமே அடிச்சிக்கிட்டுப் போகுது,
இன்னும் தூறலா?" என்று
ஆபீஸிலிருந்து போன் வந்த அன்றுதான்
கிளம்பினேன்.

ஹர்ஷத் பாய் சொல்கிறார், நீலத்துக்கு விலை குறைச்சல்.
தெரியும்.
மீதியை ஜெசிந்தா கட்டுவாள், தூக்கத்தில்.
குர்லாவில் ஒற்றை அறை.
அவள் நைட் டியூட்டி முடித்து
எட்டரைக்கு வந்து செருப்பைக் கூடக் கழற்றாமல் சாய்வாள்.
கட்டிலுக்கும் என் மேசைக்கும் நடுவே
ஒரு மடக்கு நாற்காலி அகலம்.
அவள் இரவு எனக்குப் பகல்.

பழுப்பு எடுத்தேன்.
நாலாயிரத்து இருநூறு சொல்லி
மூவாயிரத்து எண்ணூறுக்கு இறங்கினார்.
மழைக்கென்று இரண்டு பிளாஸ்டிக் பை, இலவசம்.

கட்டைகளின் மேல் எல்லாம் ஆங்கில எழுத்து.
இருக்கட்டும்.
எஃப்பின் மேல் மட்டும் ஒரு கோடு புடைத்திருக்கும்,
கண் பார்க்காமல் கை வீடு திரும்ப.
தமிழ் அடிக்கும்போது எனக்கு அங்கேதான் புள்ளி.
செய்தவனுக்குத் தெரிந்திருக்க வழியில்லை,
எங்கள் மெய்யெழுத்துகள் அந்த மேட்டில் வந்து
பொட்டு வைத்துக்கொண்டுதான்
வெளியே கிளம்புகின்றன என்று.

முதல் நாள் காலை, பதினொன்று இருக்கும்.
ஜெசிந்தா புரண்டாள்.
கண் திறக்காமலே சொன்னாள்:
"அந்த நீளக் கட்டைக்குச் சளி கட்டியிருக்கு."
நான் ஸ்பேஸ்பாரை மெதுவாகத் தொட்டுப் பார்த்தேன்.
ஆமாம், கரகரவென்றுதான் இருந்தது.

மறுநாள் வந்ததும் ஸ்க்ரூடிரைவர் கேட்டாள்.
பையிலிருந்து காஸ் துணி ஒரு துண்டு.
எங்கிருந்து என்று நான் கேட்கவில்லை.
நாலாக மடித்து, ஓரம் வெட்டி,
புண்ணுக்குக் கட்டுப் போடுகிற அதே முகத்தோடு
உள்ளே வைத்து மூடினாள்.
"இப்ப அடி."
அடித்தேன்.
"இன்னும் கொஞ்சம் அடி."
இரண்டு வரி அடிப்பதற்குள் தூங்கிப்போயிருந்தாள்,
ஸ்க்ரூடிரைவர் கையிலேயே.

அன்று மாலைக்குள் பழைய கோப்புகளைத் திறந்து
(மழை.)
(மழை வலுக்கிறது.)
(அழுகிறாள்.)
எல்லாவற்றையும் சரிசெய்து அனுப்பினேன்.

நீலத்தை நினைக்காமல் இல்லை.
ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில்
கண்டக்டர் பக்கத்து சீட் காலியாக இருந்தது.
டிக். டிக்டிக்.
இறங்க வேண்டிய இடம் தாண்டி
ஒரு ஸ்டாப் போய்விட்டேன்.