விரற்கணக்கு

சுட்டெண் மட்டும்தான். பெயர் தெரியாது.
வினா ஆறு: பாராளுமன்றம் இன்றி ஆண்ட
முதலாம் சாள்ஸின் ஆட்சி வரம்பிலா முடியாட்சியா?

பிள்ளை எழுதியிருக்கு:
நிலைப்படை இல்லை.
ஒவ்வொரு வரிக்கும் பழஞ்சட்டம் ஒன்றைக்
கிளறி எடுத்தான்.
கடல் காணாத ஊரிலும் கப்பல் காசு கேட்டான்.
சாட்டுத் தேடுகிறவனை
வரம்பில்லாதவன் என்று சொல்ல மனம் வரவில்லை.
ஆனால் பதினொரு வருடம்
ஒருவரையும் கூப்பிடாமல் இருந்தானே,
அதற்கு என்ன பெயர் சேர்?

புள்ளித்திட்டத்தில் அதற்குப் பெயரில்லை.
பதினான்கு போட்டேன். வெட்டினேன்.
பதினாறு.

யாழ்ப்பாணத்திலிருந்து கடைசி பஸ்.
உரும்பிராயில் இறங்கினால்
எங்கள் சனசமூக நிலையம், பூட்டியபடி.
திறப்பு என் சட்டைப்பையில்.
செயலாளர் நான்.
களவெடுத்ததில்லை. பேப்பர் ஒருநாளும் தவறியதில்லை.
யாப்பின் ஒன்பதாம் பிரிவைத் தேடிப்பிடித்துத்தான்
கூரைக்குக் காசு சேர்த்தேன்.
கூரை போட்டாச்சு. ஒழுகேல்லை.

பொதுக்கூட்டம் கடைசியாய்க் கூடியது
பிறேமகாந்தன் கதிரையால் எழும்பி
கணக்குக் கேட்ட அன்று.

அது எப்போது?
மதிலடியில் நின்று மடக்கிப் பார்க்கிறேன்.
இந்தக் கை முடிந்து
அந்தக் கையும் முடிந்து

விரல் காணாது.