அடைப்புக்குறிக்குள் சிரிப்பு

எங்கள் ஊர் மன்றத்தின் நடவடிக்கைக் குறிப்பில்
சிரிப்புக்கு ஆள் கிடையாது.
அடைப்புக்குறிக்குள் ஒற்றைச் சொல்லாய்
யாரோ விட்ட கொட்டாவி போலக் கிடக்கும்.

உருகுவே நதி ஏறி, சாக்கடை எதிர்த்து
ருஃபினோவின் அடுப்படிவரை தண்ணீர் வந்த வாரம் அது.
ஆரஞ்சு பறிக்கிறவன்.
நனைந்த சப்பாத்தோடு வந்து நின்றான்.
சா... சா... என்று அவன் தொடங்க
மேயர் ஹசிந்தோ மாத்தே குடுவையைக் கீழே வைத்துவிட்டு
"சா... சா... சாப்பாடா?" என்றார்.
மன்றம் குலுங்கியது.
நானும்தான்.
உண்மையைச் சொன்னால் நன்றாகவே இருந்தது அந்தச் சிரிப்பு.
வயிற்றிலிருந்து வந்தது.
அவர் கண் என்மேல் பட்டதும்
இன்னும் கொஞ்சம் வந்தது.

ருஃபினோ தொப்பியை மடித்தான், விரித்தான்,
மடித்தான், போனான்.

அடுத்த மாதம், வழக்கம்போல
போன கூட்டத்தின் குறிப்பை எழுத்தர் நெலிதா வாசித்தாள்:
"மனுதாரரின் திக்கலை மேயர் செய்து காட்டினார்.
சிரித்தவர்கள்..."
நிறுத்தி, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு
பெயர் பெயராக.
மூன்றாவது என்னுடையது.
இரும்புக்கடைப் பலகையில் இருக்கிற அதே பெயர்.
அங்கே பார்க்க நன்றாக இருக்கும்.

"அதை எடு" என்றார் மேயர்.
"பிழை இருந்தால்தான் எடுக்கலாம், விதி அப்படி.
சிரிக்காதவர் கை தூக்கட்டும், திருத்திவிடுகிறேன்."

மின்விசிறி சுற்றியது.
என் கை தொடைமேல்
ஒரு மூட்டை ஆணியாய்க் கிடந்தது.

அன்றிரவு மில்காவின் பென்சில் பெட்டியில்
இரண்டு நீல நாடாக்கள்.
இங்கே பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரே வெள்ளை அங்கி,
கழுத்தில் ஒரே நீல முடிச்சு.
யார் வீட்டுப் பிள்ளை என்று தெரியக்கூடாதாம்.
"இது யாருது?"
"ருஃபினோ பையன் தாதெயோவுது.
நான் அவுக்கலப்பா. காஸ்தோன்தான் தினம் அவுத்து எறிவான்.
நான் சிரிச்சேன், அவ்வளவுதான்."

அவ்வளவுதான்.
திட்ட வாயெடுத்தேன், வாயில் ஒன்றும் இல்லை.
இஸ்திரிப் பெட்டியை எடுத்துக் கொடுத்தேன்.
சேறு போகும்வரை அலசி, தேய்த்து,
காலையில் கொண்டுபோனாள்.

சாயங்காலம் வெறுங்கழுத்தோடு வந்தாள்.
"என்னுதும் போச்சு."
"அழுதியா?"
"கொஞ்சம்."
பிறகு, ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே:
"புதுசு வாங்காதப்பா. இப்படியே போறேன்.
தாதெயோ பக்கத்துல இடம் இருக்கு."

மூன்றாம் கூட்டத்துக்கு ருஃபினோ மறுபடி வந்தான்.
இந்தத் தடவை பேசவில்லை,
ஒரு தாளில் எழுதிக் கொண்டுவந்திருந்தான்.
மேயர் வாங்கித் தலைகீழாகப் பிடித்து,
புரியாதவர் போலக் கண்ணைச் சுருக்கினார்.

நான் எழுந்தேன்.
நாற்காலி விழுந்தது. அதற்கே பாதிப்பேர் சிரித்தார்கள்.
மூன்று நாளாய்ச் சேர்த்துவைத்த பேச்சு
எங்கே போனதோ தெரியவில்லை.
"நேராப் பிடிங்க" என்றேன்.
"தாளை. நேராப் பிடிச்சு வாசிங்க."

"நகராட்சிக்குக் கம்பியும் ஆணியும் தர்றது நீங்கதானே?"
மேயர் மிக மென்மையாகக் கேட்டார்.
"ஆமாம்" என்றேன், உட்காரவில்லை.
இடது முழங்கால் மட்டும்
வேறு யாருடையதோ போல ஆடிக்கொண்டிருந்தது.

இப்போது ஆணி பக்கத்து ஊரிலிருந்து வருகிறது.
சாக்கடை அப்படியேதான்.
மில்கா இன்னும் முடிச்சில்லாமல் போகிறாள்.
நேற்று வேறொரு பெண்ணும் அப்படிப் போவதைப் பார்த்தேன்,
அவளுடையதைப் பறித்தார்களா, அவளே கழற்றினாளா,
கேட்கவில்லை.

குறிப்பில் என்னைப் பற்றி ஒரே வரி:
எழுந்து பேசினார், குரல் நடுங்கியது.
"அந்தக் கடைசி ரெண்டு சொல் வேணுமா?" என்று
நெலிதாவிடம் தனியாகக் கேட்டேன்.
பேனா மூடியைக் கழற்றினாள்.
"பிழையா?"

இல்லை என்றேன்.