அடுப்பின் மேல் ஒரு கோடு

வரைபடத்தை மேசையில் விரித்து
நான்கு மூலைக்கும் நான்கு எலுமிச்சை வைத்தார்
நில அளவையாளர் ஸ்வோனிமிர்.
சிவப்பு மசிக் கோடு
வாசலில் தொடங்கி, கூடத்தை இரண்டாக்கி,
சரியாக என் அடுப்பின் மேல் ஏறி
பின்கதவு வழியே கடலுக்கு இறங்கியது.

‘என்’ அடுப்பு என்று சொல்லக் கூடாதாம்.
யெர்கோவுக்கு இரண்டு பர்னர்,
டின்கோவுக்கு இரண்டு.
நான் இருவருக்கும் நடுவில் பிறந்தவள்.
கோட்டின் தடிமன்தான் என் பங்கு போலிருக்கிறது.

தெற்கிலிருந்து யூகோ காற்று.
இந்தக் காற்றில் கையெழுத்துப் போட்டால் விளங்காது என்று
வீஸ் தீவில் சின்னப் பிள்ளையும் சொல்லும்.
ஸ்ப்லிட்டுக்குத் திரும்பும் படகு இல்லை.
ஆக, மதியச் சாப்பாடு நான்கு பேருக்கு.
மீன் ஒன்றுதான்.

ஒராடா. இரு கண்ணுக்கும் நடுவே
யாரோ விரலால் இழுத்துவிட்ட பொன் கீற்று.
செதிள் சீவி, குடல் எடுத்து, கழுவி,
தோலைத் துணியால் ஒற்றினேன்.
மறுபடியும் ஒற்றினேன்.
ஈரம் இருந்தால் எண்ணெய் சண்டைக்கு வரும்.
சண்டைக்கு ஆள் ஏற்கெனவே இருக்கிறது.

நடுமுள்ளை ஒட்டிக் கத்தியை ஓட்டினால்
இரண்டு கூறு, எடை பிசகாமல் விழும்.
ஓட்டவில்லை.
வயிற்றுக்குள் ரோஸ்மேரி ஒரு கிளை,
சுவரோரம் தானாய் முளைத்த காட்டுப் பெருஞ்சீரகம்,
தட்டிய பூண்டு மூன்று பல், கல்லுப்பு.
வரைபடத்தின் வடகிழக்கு மூலையிலிருந்து
ஓர் எலுமிச்சையை எடுத்துக்கொண்டேன்.
தாள் சுருண்டது. ஸ்வோனிமிர் ஒன்றும் சொல்லவில்லை.

இரும்புச் சட்டி புகையும் வரை காய்ந்தது.
ஆலிவ் எண்ணெய். பிறகு மீன்.
ஸ்ஸ்ஸ் என்று அது பேசிய பேச்சில்
கூடத்தில் இருவரும் கொஞ்சம் நிறுத்தினார்கள்.

இனிமேல் செய்ய வேண்டிய வேலை ஒன்றுமில்லை.
அதுதான் கஷ்டம்.
தோல் பொன்னாகும் வரை சட்டியை விடாது;
பொன்னானதும் தானே விட்டுவிடும்.
அதற்குள் அசைத்தால் போச்சு.

யெர்கோ வந்தான். முள்கரண்டியோடு.
‘கருகுது பார்’ என்றான்.
‘கருகலை’ என்றேன்.
திருப்பினான்.

உள்ளங்கை அகலத் தோல் சட்டியிலேயே நின்றது.
டின்கோ சிரித்தான்.
அப்பா சாவுக்குப் பிறகு இந்த வீட்டில் கேட்ட
முதல் சிரிப்பு அது. நல்ல சிரிப்பு இல்லை.

மறுபக்கத்தை நானே பார்த்துக்கொண்டேன்.
யாரையும் கிட்டே விடவில்லை.
ஏழு நிமிடம், மரக்கரண்டியை ஆயுதம்போலப் பிடித்தபடி.
அந்தப் பக்கம் அப்படியே வழுக்கிக்கொண்டு வந்தது,
மொறுமொறுவென்று, முழுசாக.
கிழிந்த பக்கம் அடியில் போனது.
விளிம்பில் தெரிந்த வெள்ளைச் சதைமேல்
நறுக்கிய பார்ஸ்லியைத் தூவினேன்.
பச்சை எதையும் மூடும், கொஞ்ச நேரத்துக்கு.

கூட்டுக்கு என்ன, பிலித்வாக் கீரை,
அதனோடே வெந்து குழைந்த உருளைக்கிழங்கு.
ரொட்டி நேற்றையது.

தட்டு வைக்க இடம் வேண்டுமே.
வரைபடத்தின் மேலேயே வைத்தேன்.
மீனின் கன்னச் சதையை எடுத்து
முதலில் விருந்தாளிக்கு வைத்தேன்;
அவர் அதைத் தின்ற விதத்தில்
தின்னத் தெரிந்தவர் என்று தெரிந்தது.
அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு பக்கமிருந்து
தோண்டிக்கொண்டே வந்து
நடுமுள்ளில் முட்டிக்கொண்டார்கள்.

ஸ்வோனிமிர் விரலைத் துடைக்காமல்
தாளின்மேல் குனிந்தார்.
‘மூன்று வாரிசு என்றால் வேறு கணக்கு.
ஏன் இவர்கள் இரண்டு என்றார்கள்?’
என்னைப் பார்த்துத்தான் கேட்டார்.
காற்று ஜன்னலைத் தள்ளியது.
யாரும் வாய் திறக்கவில்லை.

எண்ணெய் பட்ட இடத்தில்,
அடுப்பு என்று எழுதியிருந்த கட்டத்தில்,
தாள் கண்ணாடியாகி
அடியில் மேசை மரத்தின் ரேகை தெரிந்தது.
சிவப்புக் கோடு அங்கே கொஞ்சம் கலைந்திருந்தது.

நான் எழுந்துபோய்
சட்டியில் ஒட்டிய தோலைச் சுரண்டித் தின்றேன்.
அதில்தான் உப்பு சரியாக இருந்தது.